பிரிட்டன் பள்ளிகளில் ஒழுக்கமும் மரியாதையும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் என்று தமிழர்கள் அதிகம் வாழும் லண்டன் பகுதிகளில் பெற்றோர் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு மரியாதை என்பதே இல்லை" என்று ஒருவர் தொடங்குவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்காகப் பள்ளிக் கூட்டங்களில் மொழிபெயர்த்து உதவுகிறவன் நான். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கல்வித்துறை ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் தனித்தனியாக இயங்குவதால், வேறாகச் சொல்லாத இடங்களில் நான் பேசுவது இங்கிலாந்தைப் பற்றி.

உண்மையிலேயே நிலைமை மோசமாகிவிட்டதா? எல்லாத் தலைமுறையும் புலம்புகிற புலம்பல்தானே இது?

மோசமாகித்தான் இருக்கிறது. ஆனால் அது படிப்படியாக வந்த சரிவு அல்ல, கடந்த சில ஆண்டுகளில் வந்த தாவல்.

2018-19 கல்வியாண்டில் இங்கிலாந்துப் பள்ளிகள் கொடுத்த சஸ்பென்ஷன்கள், அதாவது சில நாட்களுக்குப் பள்ளிக்கு வரக் கூடாது என்ற தற்காலிக நீக்கங்கள், சுமார் 4 லட்சத்து 38 ஆயிரம். 2023-24இல் அது ஏறத்தாழ 9 லட்சத்து 55 ஆயிரம். ஐந்தே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல். பள்ளியை விட்டு நிரந்தரமாக நீக்கப்பட்டவர்கள் அதே காலத்தில் 7,894இலிருந்து 10,885 ஆனார்கள். ஒரே பிள்ளை ஆண்டில் பலமுறை சஸ்பெண்ட் ஆகலாம் என்பதால் முதல் எண்ணிக்கையை அப்படியே பிள்ளைகளின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் போக்கு தெளிவு. கல்வித்துறை எடுக்கும் நடத்தைக் கணக்கெடுப்பில், முப்பது நிமிடப் பாடத்தில் ஏறத்தாழ ஏழு நிமிடம் சேட்டையைச் சமாளிப்பதிலேயே போகிறது என்று ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் படிக்கும் பிள்ளைகள் சுமார் 90 லட்சம் பேர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் காலையில் போய், படித்து, மாலையில் வீடு திரும்புகிறார்கள். அந்த ஏழு நிமிடத்தை இழப்பவர்களும் அவர்கள்தான்.

ஆசிரியர்கள் "ஒழுங்கீனம்" என்று எதைச் சொல்கிறார்கள்? கத்திக்குத்தா?

செய்தியில் வருவது கத்தி. வகுப்பில் நடப்பது வேறு. பாடம் நடக்கும்போது பேசிக்கொண்டே இருப்பது, சொன்னதைச் செய்யாமல் "ஏன் செய்யணும்?" என்று வாதாடுவது, அனுமதி இல்லாமல் எழுந்து வெளியே போவது, தாழ்வாரத்தில் சுற்றுவது, ஆசிரியர் திரும்பிய நேரத்தில் ஒலி எழுப்புவது. சஸ்பென்ஷனுக்குப் பதிவாகும் காரணங்களில் ஆண்டுதோறும் முதலிடம் "தொடர்ந்து வகுப்பைக் குலைத்தல்" என்பதற்குத்தான்.

1988இல் அரசு எல்டன் பிரபு தலைமையில் ஒரு குழு அமைத்தது. அடுத்த ஆண்டு வந்த அதன் அறிக்கையும் இதையேதான் சொன்னது: ஆசிரியரைத் தாக்கும் சம்பவங்கள் அரிது, ஆசிரியரைச் சோர்வடையச் செய்வது ஓயாமல் நடக்கும் சின்னச் சின்னத் தொந்தரவுகள். சின்னது என்று சொல்வதால் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாளில் ஐந்து வகுப்பு, ஒவ்வொன்றிலும் முப்பது பிள்ளைகள். நல்ல ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அந்தக் காலத்து ஆங்கிலேயப் பிள்ளைகள் அடக்கமாகத்தானே இருந்தார்கள்?

நம்மில் பலருக்கு மனதில் இருப்பது கறுப்பு வெள்ளைப் படத்தில் வரும் பள்ளிக்கூடம். வரலாறு அப்படி இல்லை. 1797இல், பெரிய வீட்டுப் பையன்கள் படித்த ரக்பி பள்ளியில், மாணவர்கள் வெடிமருந்து வைத்துத் தலைமையாசிரியரின் வகுப்பறைக் கதவைத் தகர்த்தார்கள். அடக்குவதற்குப் படைவீரர்களை அழைக்க வேண்டியிருந்தது.

1911 செப்டம்பரில் நடந்தது அதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். வேல்ஸில் லனெத்லி ஊரில் ஒரு பையனை ஆசிரியர் அடித்ததைக் கண்டித்து மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். சில நாட்களில் அது பிரிட்டன் முழுக்க அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் மாணவர் வேலைநிறுத்தமாகப் பரவியது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கையில் பலகை ஏந்தித் தெருவில் நடந்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது, பிரம்படி கூடாது என்பது. பிரம்பு இருந்த காலத்திலும் ஒழுங்கு தானாக வந்துவிடவில்லை.

சரி, பிரம்பை எடுத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார்களே?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ பிரம்படி வாங்கிப் படித்து முன்னுக்கு வந்த தலைமுறைக்கு இது இயல்பான சந்தேகம். ஆனால் காலக்கணக்கு ஒத்துவரவில்லை.

ஸ்காட்லாந்தில் ஆசிரியர்கள் தோல்வாரால் பிள்ளைகளின் கையில் அடிப்பது முன்பு வழக்கமாக இருந்தது. அதை எதிர்த்து இரண்டு தாய்மார் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1982இல் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. 1986இல் நாடாளுமன்றத்தின் கீழவையில் 231க்கு 230 என்று ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அரசுப் பள்ளிகளில் உடல்தண்டனைக்குத் தடை நிறைவேறி, 1987 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்துத் தனியார் பள்ளிகளில் 1999இல் நின்றது.

அதாவது பிரம்பு போய் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இங்கேயே வளர்ந்து, இன்று பிள்ளையைப் பற்றிப் புகார் கேட்கும் பெற்றோரில் பெரும்பாலோர் பிரம்பைக் காணாமலே படித்தவர்கள். சஸ்பென்ஷன் எண்ணிக்கை எகிறியது 2021க்குப் பிறகு. அதற்கும் முப்பத்தைந்து ஆண்டுக்கு முன் நடந்த மாற்றத்தை இதற்குக் காரணம் காட்ட முடியாது.

இன்னொன்றும் உண்டு. பள்ளிகள் இளகிவிட்டன என்று சொல்வதும் சரியில்லை. இவ்வளவு சஸ்பென்ஷன், டிடென்ஷன் (வகுப்பு நேரம் முடிந்தும் பிள்ளையை இருக்கவைப்பது), தனியறை என்று பார்த்தால் இன்றைய பள்ளி நிறையவே தண்டிக்கிறது. அப்படியும் பிடி கிடைக்கவில்லை. தண்டனை போதவில்லை என்பதல்ல சிக்கல் என்று நான் சொல்வது அதனால்தான்.

அப்படியானால் உங்கள் கணக்கில் காரணம் என்ன?

ஒரே பிள்ளையை, ஒரே பெரியவர், நீண்ட காலம் அறிந்திருப்பது குறைந்துவிட்டது. என் பார்வையில் வேர் அங்கேதான்.

முதலில் ஆசிரியர்கள். இங்கிலாந்தில் புதிதாகச் சேரும் ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்குள் வேலையை விட்டுவிடுகிறார். இடம் காலியானால் சப்ளை டீச்சர் வருவார், அதாவது அன்றைக்கு மட்டும் வரும் ஆசிரியர். அவருக்குப் பிள்ளையின் பெயர் தெரியாது, பிள்ளைக்கு அவர் பெயர் தெரியாது. கணக்கு வகுப்புக்கு ஒரே ஆண்டில் நாலு முகம் மாறினால் ஐந்தாவது முகத்துக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஏன் மரியாதை கொடுக்க வேண்டும்? அந்தப் பிள்ளை தப்பு செய்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் மரியாதை வளர்வதற்கு ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து நிற்க வேண்டும்.

வகுப்பு உதவியாளர்கள் கதையும் இதேதான். கடையில் வேலை பார்த்தால் கிட்டத்தட்ட அதே சம்பளம் கிடைக்கும் என்று போய்விடுகிறார்கள். தத்தளிக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து அமைதிப்படுத்துகிறவர்கள் அவர்கள்தான்.

பள்ளிக்கு வெளியேயும் பார்க்க வேண்டும். 2010க்குப் பிறகு அரசுச் செலவுக் குறைப்பில் உள்ளாட்சி மன்றங்களின் இளைஞர் மையங்கள் ஏராளமாக மூடப்பட்டன. பிஞ்சுக் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு உதவிய ஷுவர் ஸ்டார்ட் மையங்களில் ஆயிரத்துக்கும் மேல் போய்விட்டன. மனநலச் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். முன்பு இந்தக் கட்டடங்களில் ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர் இருந்தார். இப்போது அந்தச் சுமையும் பள்ளியின் தலையில்.

அப்புறம் கோவிட். 2020 மார்ச்சிலும் 2021 ஜனவரியிலும் பள்ளிகள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூடப்பட்டன. பாடம் விட்டுப்போனதைப் பின்னால் படிக்கலாம். ஆனால் "பள்ளி என்றால் தினமும் போவது" என்ற பேசாத உடன்பாடு அப்போது அறுந்தது. பத்தில் ஒரு பங்கு நாட்களோ அதற்கு மேலோ வராத பிள்ளைகள் 2018-19இல் நூற்றுக்குச் சுமார் 11 பேர். 2021-22இல் 22 பேருக்கு மேல். அதன்பின் சற்று இறங்கினாலும் பழைய நிலைக்கு வரவில்லை. வாரத்தில் நாலு நாள் வரும் பிள்ளைக்குப் பாடமும் புரியாது, வகுப்பும் ஒட்டாது. புரியாத பிள்ளை சேட்டை செய்யும். கோவிடின்போது வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே விழுந்த விரிசலை இன்னும் யாரும் சரியாகப் பூசவில்லை.

மொபைல் போனை ஏன் சொல்லவில்லை?

சொல்ல வேண்டியதுதான். இங்கே பன்னிரண்டு வயதில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளிடமும் போன் இருக்கிறது. பள்ளி நேரத்தில் போன் கூடாது என்று 2024 பிப்ரவரியில் கல்வித்துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. பல பள்ளிகள் அதற்கு முன்பே தடுத்திருந்தன. சில பள்ளிகளில் போனைப் பூட்டிவைக்கும் பை கொடுக்கிறார்கள். நான் இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் பள்ளி பூட்டுவது ஆறேழு மணி நேரம்தான். இரவு பதினோரு மணிக்கு வகுப்புக் குழுவில் தொடங்கிய வம்பு காலை ஒன்பது மணிக்கு வகுப்பறைக்குள் அடிதடியாக வருகிறது. பெண்களை இழிவாகப் பேசிச் சம்பாதிக்கும் இணையப் பிரபலங்களின் வார்த்தைகளைப் பையன்கள் அப்படியே ஆசிரியைகளிடம் சொல்வதாக ஆசிரியர் சங்கங்கள் சில ஆண்டுகளாகவே எச்சரிக்கின்றன. இதைப் பள்ளி தனியாகத் தடுக்க முடியாது. இரவில் போன் எந்த அறையில் கிடக்கிறது என்பது வீட்டுக் காரியம்.

ஆசிரியருக்கு இப்போது எந்த அதிகாரமும் இல்லை என்பது உண்மையா?

இல்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளைத் தண்டிக்கும் அதிகாரத்தைப் பள்ளி ஊழியர்களுக்குத் தெளிவாகவே கொடுக்கிறது. பள்ளிக்கு வெளியே நடந்ததற்கும் நியாயமான அளவில் தண்டிக்கலாம். சண்டையை விலக்க அளவான உடல்பலம் பயன்படுத்தலாம். 2011ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, பள்ளி முடிந்ததும் பிள்ளையை டிடென்ஷனில் இருத்துவதற்கு 24 மணி நேர முன்னறிவிப்பு தேவையில்லை. உங்கள் சம்மதமும் தேவையில்லை.

மிகக் கண்டிப்பான பள்ளியில் சேர்த்தால் போதுமா?

வெம்பிளியில் 2014இல் தொடங்கிய மைக்கேலா பள்ளியைப் பற்றித்தான் பெரும்பாலும் இந்தக் கேள்வி வரும். கேத்தரின் பீர்பால்சிங் தலைமையாசிரியர். தாழ்வாரத்தில் பேசக் கூடாது, பேனா மறந்தால் டிடென்ஷன். பிள்ளைகளின் முன்னேற்றத்தை அளக்கும் அரசுக் கணக்கில் அந்தப் பள்ளி 2022 முதல் 2024 வரை நாட்டிலேயே உச்சத்தில் நின்றது. மதிய உணவைப் பிள்ளைகள் ஆசிரியர்களோடு ஒரே மேசையில் சேர்ந்து சாப்பிட்டு, ஒருவருக்கொருவர் நன்றி சொல்லும் பழக்கம் அங்கே உண்டு. வெளியில் இருப்பவர்கள் அமைதியான தாழ்வாரத்தை மட்டும் பார்க்கிறார்கள். அந்த மேசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கண்டிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மேசையை விட்டுவிட்ட பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே பிள்ளை நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி தனித் தடுப்புக்குள் உட்கார்ந்திருக்கும். அதில் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது எதுவும் இல்லை. உங்கள் பிள்ளை ஒழுங்கை விரும்பும் பிள்ளை என்றால் கண்டிப்பான பள்ளி நிம்மதி தரும். கவனக்குறைவுக் கோளாறோ ஆட்டிசமோ உள்ள பிள்ளைக்கு அதே விதிகள் தினசரித் தோல்வியாக முடியலாம். சேர்ப்பதற்கு முன் ஒரு வேலைநாளில் பள்ளியைப் போய்ப் பாருங்கள்.

ஸ்காட்லாந்தில் எப்படி?

அங்கே நிரந்தரமாக நீக்குவது மிக மிக அரிது. கிளாஸ்கோ நகரம் பதினைந்து இருபது ஆண்டுகளாகச் சிறு குழு வகுப்புகள், ஆசிரியர் பயிற்சி என்று வேறு வழியில் போய் வெளியேற்றங்களைப் பெருமளவு குறைத்தது. அதற்காக ஸ்காட்லாந்து வகுப்பறைகள் அமைதியாக இருக்கின்றன என்று அர்த்தமில்லை. அங்குள்ள ஆசிரியர்களும் வன்முறை கூடிவிட்டது என்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆள் பலம் இல்லாமல் அன்பு மட்டும் போதாது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

பள்ளியை விட்டு நீக்கப்படும் பிள்ளைகள் யார்?

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும். அரசு கேட்டுக்கொண்டபடி எட்வர்ட் டிம்ப்சன் தயாரித்து 2019இல் வந்த ஆய்வின்படி, நிரந்தரமாக நீக்கப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 78 பேர் மூன்றில் ஏதாவது ஒரு வகையில் இருந்தார்கள்: கற்றலில் சிறப்புத் தேவை உள்ளவர்கள், சமூகநலத் துறையின் கவனிப்பில் இருந்தவர்கள், அல்லது வறுமையால் இலவச மதிய உணவு பெறுகிறவர்கள்.

"கெட்ட பிள்ளை" என்று நாம் பேசும்போது பெரும்பாலும் இவர்களைத்தான் பேசுகிறோம். வகுப்பில் மற்ற இருபத்தொன்பது பேரின் படிப்பும் முக்கியம், அவர்களைப் பாதுகாக்க நீக்குவதைத் தவிர வேறு வழியில்லாத நேரங்களும் உண்டு. ஆனால் ஐந்து வயதில் கிடைக்க வேண்டிய பேச்சுப் பயிற்சி பதினோரு வயது வரை கிடைக்காமல், பதின்மூன்றில் பிள்ளையை வெளியே தள்ளுவது எனக்கு ஏற்கவில்லை.

என் பிள்ளையைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். என்ன செய்வது?

பதறாதீர்கள், அதற்காகச் சும்மாவும் இருக்காதீர்கள். காரணத்தையும் எத்தனை நாள் என்பதையும் பள்ளி எழுத்தில் தர வேண்டும். ஒரு கல்வியாண்டில் மொத்தம் 45 பள்ளி நாட்களுக்கு மேல் சஸ்பெண்ட் செய்ய முடியாது. முதல் ஐந்து நாட்கள் பள்ளி நேரத்தில் பிள்ளை கடைத்தெரு போன்ற பொது இடத்தில் இல்லாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு, தவறினால் அபராதம் வரலாம். ஆறாவது நாளிலிருந்து வேறு இடத்தில் கல்விக்குப் பள்ளி ஏற்பாடு செய்ய வேண்டும். பள்ளி நிர்வாகக் குழுவுக்கு உங்கள் தரப்பை எழுதி அனுப்பலாம். நிரந்தர நீக்கம் என்றால் அந்தக் குழு கட்டாயம் கூடி முடிவை ஆராய வேண்டும், அதற்கு மேல் தனிப்பட்ட மறுஆய்வுக் குழுவும் உண்டு.

முக்கியமான ஒன்று. "இன்றைக்கு வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், மனம் ஆறட்டும்" என்று பதிவு செய்யாமல் அனுப்புவது, நீங்கள் சரி என்று சொல்லியிருந்தாலும், சட்டப்படி தவறு. நம் பெற்றோர் பலர் பள்ளியை எதிர்த்துப் பேசக் கூடாது என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். பணிவோடு "இதை எழுத்தில் தருகிறீர்களா?" என்று கேளுங்கள். சிறப்புத் தேவை இருக்கும் பிள்ளை என்றால், உள்ளாட்சி மன்றத்தின் மூலம் கிடைக்கும் இலவச ஆலோசனைச் சேவையை அன்றே அழையுங்கள்.

பள்ளியில் அடிக்கக் கூடாது. வீட்டில் நான் அடிக்கலாமா?

ஸ்காட்லாந்தில் 2020 நவம்பர் முதலும் வேல்ஸில் 2022 மார்ச் முதலும் முழுத் தடை. இங்கிலாந்துச் சட்டத்தில் "நியாயமான கண்டிப்பு" என்ற இடைவெளி இன்னும் இருக்கிறது. ஆனால் உடம்பில் தடிப்போ கன்றலோ விழுந்தால் அது குற்றமாகலாம். பிள்ளை பள்ளியில் "அப்பா அடித்தார்" என்று சொன்னால், கேட்ட ஆசிரியர் அதைப் பிள்ளைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லியே ஆக வேண்டும். அது அவருடைய கடமை, உங்கள் மேல் உள்ள பகை அல்ல.

சட்டத்தை விடுங்கள். வகுப்பில் அடுத்தவனை அடிக்கும் பிள்ளைகளின் பெற்றோரோடு உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறேன். "வீட்டில் நல்லாவே கண்டிக்கிறோம்" என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு வயிற்றைப் பிசையும்.

கண்டிக்கும்போது என் மகன் தலைகுனிந்து நின்றான். ஆசிரியை அதையும் மரியாதைக்குறைவு என்கிறாரே?

இது நிஜமாகவே நடக்கும் குழப்பம். பெரியவர் திட்டும்போது கண்ணைப் பார்க்கக் கூடாது என்று நம் வீட்டில் பழக்குகிறோம். இங்கே கண்ணைப் பார்க்காவிட்டால் அலட்சியம் என்றோ பொய் சொல்கிறான் என்றோ எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் உண்டு. ஆசிரியையிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். பையனிடமும் இரண்டு இடத்தின் முறையையும் சொல்லுங்கள். மாறாக, ஆசிரியர் வரும்போது பிள்ளைகள் எழுந்து நிற்கவில்லை, கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து மரியாதை போய்விட்டது என்று நாமும் முடிவு கட்டக் கூடாது. கேள்வி கேட்பதை இந்தப் பள்ளிகள் விரும்பியே வளர்க்கின்றன.

பிள்ளை ஒன்று சொல்கிறது, பள்ளி வேறொன்று சொல்கிறது. யாரை நம்புவது?

இருவரையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஒவ்வொரு பள்ளியும் தன் நடத்தை விதிகளை இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும், முதலில் அதைப் படியுங்கள். பிறகு வகுப்புப் பொறுப்பாசிரியருக்கோ ஹெட் ஆஃப் இயருக்கோ (அந்த ஆண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொறுப்பான ஆசிரியர்) ஒரு மின்னஞ்சல். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் பெயரைப் போட்டு விசாரணை நடத்தாதீர்கள். பெற்றோரின் வசவுக்குப் பயந்தே ஒதுங்கிப்போகும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. கூட்டத்தில் மகளையே மொழிபெயர்க்கச் சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். தன் மேல் வந்த புகாரைப் பிள்ளையே மொழிபெயர்த்தால் பாதி விழுந்துவிடும். அதைவிட, அந்த அறையில் எல்லாம் புரிந்தவள் அவள், ஒன்றும் புரியாதவர்கள் நீங்களும் ஆசிரியரும் என்று ஆகிவிடும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். எல்லாப் பள்ளிகளும் ஏற்பாடு செய்துவிடும் என்று சொல்ல முடியாது. இல்லாவிட்டால் பள்ளியில் வேலை செய்யும் தமிழர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள், அல்லது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சொல்லிவையுங்கள். கூட வந்து உட்கார ஒருவர் கிடைப்பார்.